குழந்தைகளுக்கு யூரிக் ஆசிட் ஏறுது, எடையும் ஏறுது: நிறுத்த வேண்டியது பருப்பா, சர்க்கரையா?

அமராவதிக்கரை (லேப் டெக்னீசியன், கரூர்)

வணக்கமுங்க. முழு உடல் பரிசோதனை பேக்கேஜுக்குப் பெரியவங்க வர்றப்ப பொடுசுகளையும் ஒட்டுக்கா கூட்டிட்டு வந்து ரத்தம் குடுக்கறது நம்ம பக்கம் சாதாரணமாயிருச்சு. அதுல வர்ற யூரிக் ஆசிட் எண்ணை வெச்சு ரெண்டு விதமாத் தப்பு நடக்குது. அதுக்காகத்தான் இந்த இழை. விஷயம் தெரிஞ்சவங்க அவங்கவங்க பக்கத்தை எழுதுங்க.

முதல் தப்பு ரிப்போர்ட்லயே இருக்கு. பல லேப்ல மென்பொருள் பெரிய ஆம்பளைக்கான அளவை, 3.5-லிருந்து 7.2 மி.கி./டெ.லி.-ன்னு, எல்லாருக்கும் அச்சடிச்சிரும். ஒம்போது வயசுக் குழந்தைக்கு 6.3 வந்தா பக்கத்துல கூடுதல்னு காட்டற 'H' விழாது. வீட்ல 'நார்மல்'னு மடிச்சு வெச்சிருவாங்க. ஆனா அந்த வயசுக்கு 6.3 அதிகம். பருவத்துக்கு வர்றதுக்கு முன்ன ஆணும் பொண்ணும் ஏறக்குறைய ஒரே அளவுதான், சராசரி 3.5-லிருந்து 4.5-க்குள்ள நிக்கும். 5.5 தாண்டினாக் கவனிக்கோணும். பருவம் வந்ததும் பையனுங்களுக்குத் தானா ஏறும், 15, 16 வயசுல 5.5-ஐ ஒட்டி இருக்கறது இயல்பு. பொண்ணுங்களுக்கு அவ்வளவு ஏறாது. அதனால 15 வயசுப் பையனுக்கு 6.6 வந்தா அலற வேண்டியதில்ல. அதே 6.6 எட்டு வயசுக் குழந்தைக்கு வந்தா சும்மா விடக்கூடாது.

ரெண்டாவது தப்பு, எண் கூடன்னு தெரிஞ்ச அன்னைக்கே பருப்பு, கீரை, காளான் எல்லாத்தையும் தட்டுல இருந்து எடுத்திர்றது. அதைப் பத்தி உணவுக்காரங்க எழுதட்டும். நான் ரத்தம் எடுக்கற பக்கத்தை மட்டும் சொல்லீர்றேன்.

ஒண்ணு, காய்ச்சல், வாந்தி, வயித்துப்போக்கு இருக்கறப்ப யூரிக் பாக்காதீங்க. ஒடம்புல தண்ணி குறைஞ்சா எண் ஏறும். சரியாகி ரெண்டு வாரம் போகட்டும். ரெண்டு, ஸ்போர்ட்ஸ் டே, ஓட்டப்போட்டி முடிஞ்ச மறுநாள் வேண்டாம். கடுமையா ஓடினா லாக்டிக் அமிலம் சேரும், அது சிறுநீரகத்துல யூரிக் வெளியேறறதைத் தடுக்கும். மூணு, சர்க்கரை பாக்கற சாம்பல் மூடிக் குழாயில ஃப்ளோரைடு இருக்கு. யூரிக் அளக்கறதே யூரிகேஸ்ங்கற நொதியை வெச்சுத்தான், அந்த நொதியை ஃப்ளோரைடு கெடுத்திரும். சிவப்பு மூடி இல்லீன்னா மஞ்சள் மூடிக் குழாய்தான். குழந்தை அழுகுதுன்னு ஒரே குழாயில முடிக்கப் பாக்கறப்பத்தான் இந்தக் கோளாறு வரும். நாலு, வைட்டமின் சி மாத்திரை நிறையச் சாப்பிட்டுட்டு வந்தா எண் பொய்யாக் குறைஞ்சு காட்டும்.

வெளிநாட்டு ரிப்போர்ட்ல மைக்ரோமோல்னு இருந்தா 59.5-ஆல் வகுத்தா நம்ம கணக்கு வந்திரும். 400-ன்னா 6.7.

மழலைநலம் (குழந்தைகள் மருத்துவர், கோவை)

அமராவதிக்கரை தம்பி நல்ல இடத்துல ஆரம்பிச்சிருக்கீங்க. ஏன் ஏறுதுங்கறதை நான் எழுதறேன். அது புரிஞ்சா என்ன செய்யணும்னு தானே விளங்கிரும்.

யூரிக் ஆசிட் ப்யூரின்ங்கற பொருள் உடைஞ்சு வர்ற கழிவு. மனுசனுக்கு யூரிகேஸ் நொதி இல்லாததால அதை மேற்கொண்டு உடைக்க முடியாது. மூணுல ரெண்டு பங்கு சிறுநீர் வழியா, மிச்சம் குடல் வழியாப் போகணும். சாப்பாட்டுல வர்ற ப்யூரின் ஒரு பங்குதான். பெரும்பகுதி நம்ம செல்களே தேய்ஞ்சு புதுப்பிக்கறப்ப உண்டாகுது. அதனால சாப்பாட்டுல ப்யூரினை எவ்வளவுதான் வெட்டினாலும் எண் கொஞ்சம்தான் எறங்கும்.

எடை கூடின குழந்தைக்கு ரெண்டு வழியில ஏறுது. முதல் வழி இன்சுலின். வயித்துல கொழுப்பு சேரச் சேர ஒடம்பு இன்சுலினுக்குச் சரியாக் கட்டுப்படாது, கணையம் கூடுதலாச் சுரக்கும். அந்தக் கூடுதல் இன்சுலின் சிறுநீரகத்துகிட்ட 'யூரிக்கை வெளிய விடாதே, திரும்ப உறிஞ்சிக்கோ'ன்னு சொல்லுது. உற்பத்தி அதேதான், வடிகால் அடைபட்டுப் போச்சு. வாய்க்காலை அடைச்சா தொட்டி நிறையற மாதிரி.

ரெண்டாவது வழி ஃப்ரக்டோஸ். நம்ம சர்க்கரையில பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். ஃப்ரக்டோஸ் கல்லீரலுக்குப் போனதும் அங்க இருக்கற ஏடிபியை, அதாவது செல்லோட சக்திக் காசை, மடமடன்னு செலவழிக்கும். குளுக்கோஸுக்கு இருக்கற மாதிரி 'போதும்'னு நிறுத்தற கட்டுப்பாடு இதுக்குக் கிடையாது. செலவான ஏடிபி உடைஞ்சு உடைஞ்சு கடைசில யூரிக் ஆசிடா நிக்கும். சர்க்கரை பானம் குடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ளயே ரத்தத்துல யூரிக் ஏறறதைப் பாக்கலாம். அதே ஃப்ரக்டோஸ்தான் கல்லீரல்ல கொழுப்பாவும் மாறுது. யூரிக், கல்லீரல் கொழுப்பு, வயிறு மூணும் ஒண்ணாவே வர்றதுக்குக் காரணம் இதுதான்.

ஆகவே யூரிக் கூடினதால குழந்தை குண்டாச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எடை கூடினதால யூரிக் கூடுதுங்கற திசைக்குத்தான் சான்று பலமா இருக்கு. இந்த எண்ணை ஒரு மணி மாதிரி எடுத்துக்கங்க. மணி அடிச்சா மணியைக் கழட்டக் கூடாது, எங்க புகையுதுன்னு பாக்கணும்.

பாக்க வேண்டியது இதெல்லாம். உயரம், எடை, இடுப்புச் சுத்தளவு, ரத்த அழுத்தம். பத்து வயசுக்கு மேல உடல்பருமன்னு உறுதியானா வெறும் வயித்துச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் நொதி). உடல்பருமனுக்கான பட்டியல்ல முதல்ல வர்றது இவைதான், யூரிக் கிடையாது. எஸ்.ஜி.பி.டி. ஆம்பளைப் பிள்ளைக்கு 26, பொண்ணுக்கு 22-க்கு மேல போனாலே கணக்குல எடுத்துக்கணும். லேப் அச்சடிக்கற 40, 45 பெரியவங்களுக்கு. 80 தாண்டினாத் தள்ளிப்போடாம குழந்தைகள் கல்லீரல் மருத்துவரைப் பாருங்க. யூரிக் 7-க்கு மேல இருந்தா சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினினும் சேர்த்துப் பாக்கணும்.

ரத்த அழுத்தம் பாக்கறப்ப ஒரு விஷயம். பட்டையோட காத்துப்பை, கையோட சுத்தளவுல 80-லிருந்து 100 சதவீதம் சுத்தி வரணும், அகலம் 40 சதவீதமாவது இருக்கணும். குண்டான குழந்தைக்குச் சின்னப் பட்டை கட்டினாப் பொய்யா ஏறிக் காட்டும். அஞ்சு நிமிசம் உக்கார வெச்சு, வலது கையில, ரெண்டு மூணு தடவை பாருங்க. 13 வயசு தாண்டினா 130/80-க்கு மேல அதிகம். அதுக்குக் கீழ வயசு, உயரம் வெச்சு அட்டவணை பாக்கணும்.

கழுத்துப் பின்னாடி, அக்குள்ல வெல்வெட் மாதிரி தடிச்ச கருப்பு வந்திருந்தா அது அழுக்கு கிடையாது. பீர்க்க நார் போட்டுத் தேய்ச்சுத் தோலைப் புண்ணாக்காதீங்க. இன்சுலின் கூடுதலா ஓடுதுங்கறதுக்கு வெளிய தெரியற அடையாளம் அது. எடை எறங்குனா அதுவும் வெளுக்கும்.

பள்ளிக்கூட மணி (பள்ளி நர்ஸ், பெருந்துறை)

டாக்டருங்க சொன்ன உயரம், எடை, இடுப்பை வீட்லயே சரியா எடுக்கற முறையை எழுதறேன். பாதிப் பேரு இதுல தப்புப் பண்றாங்க.

உயரத்துக்குச் செருப்பு, சாக்ஸ் கழட்டோணும். பொண்ணுங்களுக்குக் கொண்டை, உச்சில போட்ட பேண்ட் எடுத்திரோணும். குதிகால், புட்டம், தோள் செவுத்துல படோணும், கண்ணு நேராப் பாக்கோணும். தலைமேல ஒரு கெட்டி அட்டை நோட்டைச் செவுத்தோட செங்குத்தா வெச்சு கோடு போடுங்க. எடை வெள்ளெனே, ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, லேசான துணியோட.

பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏத்த எடையான்னு காட்டற எண்) கணக்கு: எடை கிலோவுல, உயரம் மீட்டர்ல ரெண்டு தடவை வகுக்கோணும். 10 வயசுப் பையன் 140 செ.மீ., 48 கிலோன்னா 48 ÷ 1.4 ÷ 1.4 = 24.5. பெரியவங்களுக்கு 24.5 கொஞ்சம்தான் கூட. பத்து வயசுப் பையனுக்கு உலக சுகாதார நிறுவன அட்டவணைல 18.5 தாண்டினா அதிக எடை, 21.4 தாண்டினா உடல்பருமன். இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல வெளியிட்ட 5-லிருந்து 18 வயசு வரைக்குமான அட்டவணை நம்ம குழந்தைகளுக்கு இன்னும் பொருத்தம். அதுல பெரியவங்க 23, 27-க்குச் சமமான கோடு ரெண்டு போட்டிருப்பாங்க. 27 கோட்டுக்கு மேல உடல்பருமன்.

டேப் இல்லாதவங்களுக்கு ஒரு வழி. குழந்தை உயரத்துக்கு ஒரு நூல்கயிறு வெட்டுங்க. ரெண்டா மடிங்க. அதை இடுப்புல சுத்துங்க. முனை ரெண்டும் தொட்டுச்சுன்னா சரி, தொடலீன்னா வயிறு உயரத்துல பாதிக்கு மேல போயிருச்சு. சுத்த வேண்டிய இடம் அரைஞாண் கயிறு கெடக்கற இடமில்லீங்க. வயிறு பெருத்த குழந்தைக்கு அரைஞாண் கீழ எறங்கியிருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல் விளிம்புக்கும் நடுவுல, மூச்சை விட்டதும் எடுங்க.

கம்மங்கூழ் (உணவு ஆலோசகர், ஈரோடு)

இனி தட்டுக்கு வரலாம். முதல்ல பருப்பைத் திருப்பி வைங்க.

பருப்பு, பட்டாணி, கீரை, காளான்ல ப்யூரின் இருக்கறது நிஜம். ஆனா காய்கறி, பயறு வழியா வர்ற ப்யூரின் கவுட் வாத (யூரிக் மூட்டுல படிஞ்சு வர்ற வலி) அபாயத்தைக் கூட்டலைன்னு பெரியவங்ககிட்ட ஆயிரக்கணக்குல பாத்த ஆய்வு 2004-லயே வந்திருச்சு. கூட்டினது கறியும் மீனும். பால் பொருள் குறைச்சுது. 10-லிருந்து 12 வயசுக்கு ஒரு நாளைக்கு 32 கிராம் புரதம் வேணும். 30 கிராம் பருப்பை வேக வெச்சா 6, 7 கிராம் கிடைக்கும், ஒரு முட்டையில 6. பருப்பை எடுத்துட்டா அந்த எடத்துக்குச் சோறும் பிஸ்கட்டும்தான் வந்து உக்காரும். எடை இன்னும் ஏறும். நம்ம அரிசிம்பருப்புச் சோத்துல பருப்பைக் குறைக்காதீங்க, அரிசியைக் குறைங்க. வழக்கமா மூணு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுவாங்க, அதை ரெண்டுக்கு ஒண்ணா மாத்துங்க. கூட ஒரு பொரியல், ஒரு டம்ளர் மோர்.

சத்துணவு முட்டையை 'யூரிக் இருக்கு, வேண்டாம்'னு சொல்லி அனுப்பற வீடும் இருக்கு. முட்டையில ப்யூரின் இல்லைன்னே சொல்லலாம். சத்துணவுல வர்ற கொண்டைக்கடலை, பாசிப்பயறையும் தடுக்காதீங்க.

குறைக்க வேண்டிய அசைவம்: ஈரல், கிட்னி, நெத்திலி, மத்தி. ஞாயித்துக்கிழமை நாட்டுக்கோழிக் குழம்புல ரெண்டு மூணு துண்டு, 75 கிராம் அளவுக்குப் பிரச்சனை இல்ல. கொதிக்கற தண்ணிக்குள்ள ப்யூரின் எறங்கிரும். அதனால எலும்பு சூப்பை மட்டும் டம்ளர் டம்ளராக் குடுக்கறதை விட்டிருங்க.

இப்பச் சர்க்கரை. ரெண்டு வயசுக்கு மேல 18 வரைக்கும், சேர்த்த சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருக்கட்டும்னு அமெரிக்க இதயக் கழகம் 2016-ல சொல்லுச்சு. அஞ்சு டீஸ்பூன். ஒரு சாதாரண நாளை எண்ணிப் பாருங்க. காலைல பால்ல ரெண்டு ஸ்பூன், 10 கிராம். அதுல கலக்கற மால்ட் பவுடர் 20 கிராம் போட்டா, பிராண்டைப் பொறுத்து மூணுல ஒரு பங்கும் அதுக்கு மேலயும் சர்க்கரைதான், இன்னொரு 7. பள்ளிக்கூட பஸ் ஏறறதுக்குள்ள 17 போச்சு. இந்த மாதிரி பானத்தையெல்லாம் 'ஹெல்த் ட்ரிங்க்' பிரிவுல விக்கக் கூடாதுன்னு இணைய வணிகக் கம்பெனிகளுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரல்ல சொன்னதை மறந்திராதீங்க. பொழுதோட ட்யூசன் போற வழியில பேக்கரி. 250 மி.லி. கூல்டிரிங்க்ஸ்ல 26 கிராம். மாம்பழ பானம்னா இன்னும் கூட. ஒரு டம்ளர் கரும்புப்பால் 25-க்குக் குறையாது, அதுல எந்தக் கம்பெனியும் ஒண்ணும் சேக்கலைங்கறது வேற விஷயம். கூல்டிரிங்க்ஸை மட்டும் சேத்தாலே ஆக 43. தேங்காய் பன்னைக் கணக்குல சேக்கவே இல்ல.

ஒரே ஒரு மாத்தம் செய்ய முடியும்னு ஒரு வீட்ல சொன்னா, குடிக்கற சர்க்கரையை நிறுத்தச் சொல்லுங்க. திங்கற சர்க்கரையை விடக் குடிக்கறது வேகமாக் கல்லீரலுக்குப் போகும், வயிறும் நிறையாது.

ரோட்டுக்கடைக் காளான் யூரிக்குக் கெடுதலான்னு கேப்பாங்க. அதுல காளான் கொஞ்சம், முட்டைக்கோசும் மைதாவும் கார்ன்ஃப்ளாரும்தான் நிறைய, அதையும் எண்ணெயில பொரிச்சு எடுக்கறாங்க. அதை நிறுத்தக் காரணம் ப்யூரின் கிடையாது, மாவும் எண்ணெயும்.

கவுந்தப்பாடி ஆலை (வெல்லம், நாட்டுச்சர்க்கரை வியாபாரம்)

அக்கா, எல்லாம் சரிங்க. ஆனா வெள்ளைச் சர்க்கரையையும் நாட்டுச்சர்க்கரையையும் ஒரே தட்டுல வெச்சுப் பேசறது ஞாயமில்ல. கரும்புச்சாறைக் கொப்பரையில காச்சி, அழுக்கெடுத்து, பதம் பாத்து எறக்கறது. இரும்புச்சத்து, பொட்டாசியம், மெக்னீசியம் அதுலயே நிக்குது. குழந்தைக்கு வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா இதைக் குடுங்கன்னு சொல்றதுதான் நல்ல யோசனை.

கம்மங்கூழ்

அண்ணா, நீங்க சொல்ற தாது உப்பு இருக்குதுங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா உங்க வியாபாரத்துலயே தரம் பாக்கற எண்ணை எடுத்துக்கங்க. நல்ல வெல்லத்துல சுக்ரோஸ் 65-லிருந்து 85 சதவீதம், அது போக 10, 15 சதவீதம் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாப் பிரிஞ்சே நிக்குது. சுக்ரோஸும் குடல்ல பாதி ஃப்ரக்டோஸாப் பிரியும். கல்லீரலுக்கு அது ஆலையில இருந்து வந்ததா கொப்பரையில இருந்து வந்ததான்னு தெரியாது. ரெண்டு ஸ்பூன் வெல்லத்துல வர்ற இரும்பு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரைக்கு ஈடாகாது. கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு எல்லாத்துக்கும் இதே பதில்தான்.

நம்ம பக்கம் பெரிய சிக்கலே இங்கதான். வெள்ளைச் சர்க்கரைன்னா ஒரு ஸ்பூன் போடற கை, நாட்டுச்சர்க்கரைன்னா 'ஒடம்புக்கு நல்லது'ன்னு மூணு ஸ்பூன் போடுது. ராகிக் கூழுக்கு, சந்தகைக்கு, தேங்காய்ப்பாலுக்கு, எல்லாத்துக்கும்.

கவுந்தப்பாடி ஆலை

அளவு கூடிப்போகுதுங்கறதை ஒத்துக்கறேன். சரக்கு வாங்கறப்ப இன்னொண்ணும் பாருங்க. பளீர்னு மஞ்சளா, ஒரே நிறமா இருந்தா ஹைட்ரோஸ்ங்கற ரசாயனம் போட்டு வெளுத்ததா இருக்கும், இல்லீன்னா வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காச்சினதா இருக்கும். நல்ல சரக்கு அடர் பழுப்புல, லேசா உப்புக் கரிச்சு இருக்கும். குடுக்கறது ஒரு ஸ்பூன்னாலும் அது சுத்தமான சரக்கா இருக்கட்டும்.

கம்மங்கூழ்

அது சரியான பேச்சுங்கண்ணா. வாங்கற விஷயத்துல உங்க பேச்சுதான். அளவு மட்டும், எந்த நிறமானாலும் மொத்தம் அஞ்சு ஸ்பூனுக்குள்ள.

மருந்துச்சீட்டு (ஃபார்மசிஸ்ட், திருப்பூர்)

குழந்தைக்கு யூரிக்கை எறக்கற அலோப்யூரினால் மாத்திரை வேணும்னு அப்பாவோட பழைய சீட்டைக் காட்டிக் கேக்கறவங்க உண்டு. அதே வேலை செய்யற ஃபெபுக்ஸோஸ்டாட்டும் கேக்கறாங்க. இதைப் பத்தித் தெளிவா ஒரு வரி வேணும் டாக்டர். அலோப்யூரினால் குடுத்த ஆய்வுல ரத்த அழுத்தம் எறங்கிச்சுன்னு வாட்ஸப்ல சுத்துது.

மழலைநலம்

அந்த ஆய்வு நிஜம். டேனியல் ஃபெய்க் குழு 2008-ல வெளியிட்டது. புதுசா ரத்த அழுத்தம் கண்டுபிடிச்ச 11-லிருந்து 17 வயசுப் பிள்ளைங்க 30 பேருக்கு, நாலு வாரம் அலோப்யூரினால், நாலு வாரம் மருந்தில்லாத வெறும் மாத்திரைன்னு மாத்தி மாத்திக் குடுத்தாங்க. மேல் அழுத்தம் சுமார் 7 எறங்குச்சு, வெறும் மாத்திரையில 2. அதைச் செஞ்சவங்களே இதை வழக்கமான சிகிச்சையா எடுத்துக்காதீங்கன்னுதான் எழுதினாங்க. முப்பது பேரு, நாலு வாரம். அதுல சேத்தவங்க எல்லாம் ரத்த அழுத்தம் இருந்த பிள்ளைங்க. வெறும் யூரிக் எண் கூட இருக்கற குழந்தைக்கு அது பொருந்தாது.

அலோப்யூரினால் சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகற தோல் ஒவ்வாமையைக் கொண்டு வரும். வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரியறதுன்னு ஆரம்பிக்கும். அறிகுறி ஒண்ணும் இல்லாத குழந்தைக்கு ஒரு எண்ணை எறக்கறதுக்காக அந்த ஆபத்தை வாங்கக் கூடாது. புற்றுநோய் சிகிச்சையில செல் மொத்தமா உடையறப்ப, சில பிறவிக் கோளாறுல, சிறுநீரகக் கல்லுல இந்த மருந்துக்கு எடம் உண்டு. அதை அந்தந்த மருத்துவர் எழுதுவாங்க.

இன்னொரு பக்கமும் பாருங்க, மருந்தாலயே யூரிக் ஏறும். காசநோய்க்குத் தர்ற பைரசினமைடு நல்லா ஏத்தும், எதாம்ப்யூட்டாலும் ஏத்தும். நீர் போகற மாத்திரையும், குறைஞ்ச அளவு ஆஸ்பிரினும் அப்படித்தான். சீட்டைப் பாக்காம எடை மேலயே பழியைப் போடக் கூடாது.

எடைக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லாத யூரிக் எப்பன்னும் சொல்லீர்றேன். குழந்தை வெளுத்து, காய்ச்சல் விடாம, நெறி கட்டி, அங்கங்க நீலத் தழும்பு இருந்தா அன்னைக்கே ரத்த அணு எண்ணிக்கை பாக்கணும், ரத்தப் புற்றுநோய் இருக்கலாம். கைக்குழந்தையில இருந்தே வயிறு பெருத்து, கன்னம் பொம்மை மாதிரி உப்பி, கொஞ்சம் பசிச்சாலே சோர்ந்து விழுந்தா கிளைக்கோஜன் சேமிப்புக் கோளாறைத் தேடணும். பாக்கறதுக்குக் கொழுகொழுன்னு இருக்கறதால இதைச் சத்தான குழந்தைன்னு நினைச்சிருவாங்க. நாப்பியில செங்கல் நிறத் தூள் படிஞ்சு, தலை நிக்காம, வளர வளர உதட்டையும் விரலையும் தானே கடிச்சுக்கிட்டா லெஷ்-நைஹன்ங்கற பிறவி நோய். பிறந்த முதல் சில நாள்ல மட்டும் அந்த நிறம் தெரிஞ்சா பெரும்பாலும் தாய்ப்பால் போதாததுதான் காரணம், பால் ஏறினா போயிரும்.

இன்னும் ஒண்ணு: சாதாரணமா அதிகமாத் தின்னு குண்டான குழந்தை வயசுக்கு உயரமா இருக்கும். குண்டா இருந்து உயரம் நின்னுபோயிருந்தா தைராய்டும் ஸ்டீராய்டும் பாக்கணும். பேர் இல்லாத பொட்டலத்துல வர்ற ஆஸ்துமா, தோல் பொடியில ஸ்டீராய்டு கலந்திருந்தா இப்படி வரும்.

இடுப்பெலும்பு (பிசியோதெரபி, சேலம்)

எடை கூடின குழந்தை, யூரிக் 7, முட்டி வலின்னா உடனே 'கவுட்'னு முடிவு கட்டிர்றாங்க. குழந்தைக்குக் கவுட் வர்றது மிக அரிது. அதுக்குப் பதிலாப் பயப்பட வேண்டியது வேற இருக்கு.

பத்துலிருந்து பதினஞ்சு வயசு, எடை கூட, தொடை இல்லீன்னா முட்டி வலி, நொண்டல், பாதம் வெளிப்பக்கம் திரும்பி நடக்கறது. இதெல்லாம் சேர்ந்தா, தொடை எலும்போட தலை வளர்ச்சித் தட்டுல இருந்து சறுக்கிட்டு வருதுன்னு சந்தேகப்படோணும். கோளாறு இடுப்புல, வலி காட்டறது முட்டியில. முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்து 'ஒண்ணுமில்ல'ன்னு அனுப்பறதுதான் இதுல நடக்கற பெரிய தப்பு. மல்லாக்கப் படுக்க வெச்சு முட்டியை மடக்கி நெஞ்சுப் பக்கம் தூக்குங்க. தொடை நேரா வராம தானா வெளிப்பக்கம் சாஞ்சா சந்தேகம் பலம். அதுக்கு மேல நடக்க விடாதீங்க. எண்ணெய் போட்டு நீவி விடறது, குதிக்கச் சொல்றது கூடவே கூடாது. தூக்கிட்டுப் போய் ரெண்டு இடுப்பையும் தவளைக்கால் நிலையில எக்ஸ்ரே எடுத்து, எலும்பு மருத்துவரை அன்னைக்கே பாருங்க. தள்ளிப்போட்டா எலும்புத் தலைக்கு ரத்தம் நின்னு இடுப்பே போயிரும்.

பி.டி. வாத்தியார் (கோபிசெட்டிபாளையம்)

இடுப்பெலும்பு சொன்னதோட சேர்த்து எழுதறேன். குண்டான பிள்ளையை 'கிரவுண்டை அஞ்சு ரவுண்டு ஓடு'ன்னு விடறது தண்டனை, பயிற்சி கிடையாது. மூட்டு தாங்காது, மூச்சு முட்டும், அடுத்த நாள் வயித்துவலின்னு லீவு எடுத்துக்கும்.

மொத ரெண்டு வாரம் பத்து நிமிச வேக நடை, நாளைக்கு மூணு தடவை. பேச முடியோணும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். மூணாவது வாரத்துல இருந்து சைக்கிள், நீச்சல். சுரைப்புருடை கட்டிக் கிணத்துல எறக்கி விட்டாலும் சரி, நீச்சக்குளமானாலும் சரி, பெரியவங்க கூடவே இருக்கோணும். தண்ணியில மூட்டு மேல எடை விழாதுங்கறதால குண்டான பிள்ளைக்கு இதை விட நல்லது இல்ல. ஆறாவது வாரத்துல இருந்து கபடி, கோ-கோ. உலக சுகாதார நிறுவனம் சொல்றது நாளைக்குச் சராசரி 60 நிமிசம், வாரத்துல மூணு நாளாவது வேர்க்க வேர்க்க. பி.டி. பீரியடைக் கணக்குக்குக் குடுக்கற பழக்கம் இருக்கற வரைக்கும் இந்த 60 வராது. பெற்றோர் கூட்டத்துல இதைக் கேளுங்க.

பள்ளிக்கூட வாசல்ல இருந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டம் விக்கக் கூடாதுன்னு 2020-லயே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதிமுறை இருக்கு. அதையும் கேளுங்க.

தூக்கமும் இதுல சேத்தி. 6-லிருந்து 12 வயசுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வந்தா டாக்டர்கிட்டச் சொல்லுங்க.

அமராவதிக்கரை

கொள்ளைப் பத்தி யாரும் சொல்லலையே. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு'ன்னு ஒரு வீட்ல தினமும் கொள்ளுத் தண்ணி. இன்னொரு வீட்ல யூரிக்னு சொல்லிக் கொள்ளையே தொடறதில்ல.

கம்மங்கூழ்

ரெண்டும் வேண்டாமுங்க தம்பி. கொள்ளு மத்த பயறு மாதிரி ஒரு பயறு, நூறு கிராமுக்கு 22 கிராம் புரதம். கொழுப்பைக் கரைக்கற மருந்தும் இல்ல, யூரிக்கை ஏத்தற விசமும் இல்ல. தண்ணியை மட்டும் வடிச்சுக் குடுத்துட்டுப் பயறைக் கொட்டிர்றதுல ஒரு பிரயோசனமும் இல்ல. 30 கிராம் கொள்ளை ராத்திரி ஊற வெச்சு, வேக வெச்சு, வரமொளகா, பூண்டு, சீரகம் சேர்த்துக் கடைஞ்சு, அளவான சோத்துல போட்டுக் குடுங்க. வாரம் ரெண்டு நாள்.

பட்டினி போடறது, குழந்தைக்குப் பேலியோ (மாவுச்சத்தை வெட்டற உணவு முறை), ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தறது எதுவும் வேண்டாம். மாவுச்சத்தை ஒரேயடியா வெட்டினா கொழுப்பு எரியறப்ப வர்ற கீட்டோன் சேரும், அது சிறுநீரகத்துல யூரிக்கோட போட்டி போட்டு அதை வெளிய விடாது. எடை எறங்கற வேகத்துல யூரிக் ஏறும்.

மழலைநலம்

அதனாலதான் எடை இலக்கை மெதுவா வைக்கணும். பள்ளிக்கூட மணி சொன்ன அதே பையனை எடுத்துக்கங்க. 140 செ.மீ., 48 கிலோ, பி.எம்.ஐ. 24.5. ஒரு வருசம் எடையை 48-லயே நிறுத்தி, உயரம் 145-க்கு வளந்தா 22.8. ஒரு கிலோ கூடக் குறைக்காம 1.7 எறங்கிருச்சு. வளர்ற குழந்தைக்கு இதுதான் பெரிய வசதி. இதுக்கு மேல குறைக்கணும்னா 6-லிருந்து 11 வயசுல மாசம் அரைக் கிலோ போதும்.

யூரிக்கை மறுபடி பாக்கறது மூணு மாசம் கழிச்சு, அதே லேப்ல, காலைல. நடுவுல வாராவாரம் ரத்தம் குத்த வேண்டாம். தண்ணி நாள் முழுக்கப் பிரிச்சுக் குடிக்கட்டும், ஒண்ணுக்கு வெளிர் மஞ்சளா இருந்தாப் போதும். பள்ளிக்கூடத்துல கழிப்பறை போகப் பயந்து தண்ணி குடிக்காம வர்ற பொண்ணுங்க நிறைய. பாட்டில் அப்படியே திரும்பி வருதான்னு பாருங்க. விலாவுக்குக் கீழ வலி, ஒண்ணுக்குல ரத்தம்னா ஸ்கேன் பாக்கணும்.

பள்ளிக்கூட மணி

கடைசியா ஒண்ணு கேக்கறேன் அக்கா. நோம்பி வந்தா பாட்டிமார் கச்சாயம் சுடாம இருக்க மாட்டாங்க. என்ன சொல்றது?

கம்மங்கூழ்

சுடட்டுங்க. ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்காக் கிலோ வெல்லம் போட்டு 40 கச்சாயம் வந்தா, ஒண்ணுல கிட்டத்தட்ட 19 கிராம் வெல்லம். நோம்பி அன்னைக்கு ஒண்ணு, அன்னைக்குப் பால்ல சர்க்கரை கிடையாது, கூல்டிரிங்க்ஸ் கிடையாது. மிச்சத்தை ஒறம்பரைக்குக் கட்டிக் குடுத்திருங்க. டப்பாவுல போட்டு அலமாரியில வெச்சா ஒரு வாரத்துக்குத் தினம் மூணு போகும்.

பள்ளிக்கூட மணி

சரிங்கக்கா. நூல்கயிறு முறையையும் இந்த 19 கிராம் கணக்கையும் நோட்டீஸ் போர்டுல எழுதிப் போட்டிர்றேன்.